பதக்க மேடையில் பந்தயக் காருக்கு இடமுண்டா?

(ராமச்சந்திராபுரம் பெல் குடியிருப்பில் தமிழ் அன்பர்கள் கூடிய மாலைக் கூட்டம் ஒன்றில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தலைப்பைக் கேள்விப்பட்ட நண்பர் ஒருவர், "கார் ஓட்டுவதும் ஒரு விளையாட்டா சார்? அப்படியானால் லிங்கம்பள்ளி சிக்னலைத் தினமும் தாண்டுகிற நமக்கெல்லாம் அர்ஜுனா விருது தர வேண்டாமா?" என்று வாசலிலேயே மடக்கினார். கிண்டல்தான். ஆனால் இதே சந்தேகம் நம் மத்திய அரசுக்கும் வந்திருக்கிறது. ஃபார்முலா ஒன் பந்தயத்தை இந்தியாவுக்குக் கொண்டுவர முயன்ற நிறுவனம் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப அனுமதி கேட்டபோது, இது விளையாட்டு அல்ல, பொழுதுபோக்கு என்று சொல்லி 2009-ல் விளையாட்டு அமைச்சகம் கையை விரித்தது. 2011 அக்டோபரில் கிரேட்டர் நொய்டாவில் பந்தயம் நடந்தபோது அதே சந்தேகம் கேளிக்கை வரி என்ற உருவில் வந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், டிக்கெட் வருமானத்தில் கால் பங்கைத் தனிக் கணக்கில் போட்டுவைக்கும்படி உத்தரவானது. மூன்றே ஆண்டுகள்தான் நடந்தது. 2013-க்குப் பிறகு அந்தப் பந்தயம் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

இதற்கிடையில் ஒரு வேடிக்கை. 2019-ல் அரசு ராலி ஓட்டுநர் கௌரவ் கில்லுக்கு அர்ஜுனா விருது கொடுத்தது. மோட்டார் பந்தயத்துக்குக் கிடைத்த முதல் அர்ஜுனா அதுதான். ஃபார்முலா ஒன் வேறு, ராலி வேறு என்று சாமர்த்தியமாக வாதாடலாம். எனக்கென்னவோ, அரசுக்கே இன்னும் தெளிவு பிறக்கவில்லை என்றுதான் படுகிறது. ஆகவே நாம் கொஞ்சம் யோசித்துப் பார்ப்பதில் தவறில்லை.

நான் எடுத்துக்கொண்ட கேள்வி இன்னும் குறுகலானது. மோட்டார் பந்தயம் விளையாட்டா என்பதை விட்டுவிடுவோம், விளையாட்டுதான் என்றே வைத்துக்கொள்வோம். ஒலிம்பிக், ஆசிய விளையாட்டு, காமன்வெல்த் விளையாட்டு என்று பல நாடுகள் பல போட்டிகளில் ஒரே ஊரில் கூடி மோதிக்கொள்கிற திருவிழாக்கள் இருக்கின்றன அல்லவா, அங்கே இதற்கு இடம் உண்டா?

நம் ஊர் அனுபவத்திலிருந்தே தொடங்கலாம். லிங்கம்பள்ளியில் எம்.எம்.டி.எஸ். ஏறினால் நெக்லஸ் ரோடு நிலையத்தில் இறங்கிவிடலாம். அந்த ஹுசேன் சாகர் கரையில், என்.டி.ஆர். பூங்காவையும் தலைமைச் செயலகத்தையும் ஒட்டிய சாலைகளில், 2023 பிப்ரவரி 11 அன்று ஃபார்முலா ஈ பந்தயம் நடந்தது. இந்தியாவில் அந்த மின்சாரக் கார்ப் பந்தயம் நடந்தது அதுதான் முதல் தடவை. சுமார் 2.8 கிலோமீட்டர் சுற்று, 18 திருப்பங்கள். இங்கிருந்தும் பலர் போனீர்கள். சத்தமே இல்லையே, இதெல்லாம் ஒரு ரேஸா என்று அலுத்துக்கொண்டவர்களும் உண்டு.

அந்தப் பந்தயத்தின் கடைசிச் சில சுற்றுகளை நினைத்துப் பாருங்கள். முன்னால் பிரான்ஸின் ழான் எரிக் வெர்ன். அவர் முதுகை முட்டுகிற மாதிரி நியூசிலாந்தின் நிக் காசிடி. வெர்னின் பேட்டரியில் மிஞ்சியிருந்த மின்சாரம் காசிடியிடம் இருந்ததைவிடக் குறைவு. ஃபார்முலா ஈ கார்களுக்கு உடற்சட்டம் ஒன்றே, பேட்டரி ஒன்றே, டயர் ஒன்றே. எல்லாருக்கும் அளந்து கொடுக்கிற மின்சாரமும் ஒன்றே. முழு வேகத்தில் மிதித்துக்கொண்டே போனால் முடிவுக்கோட்டுக்கு முன்பே தீர்ந்துவிடும் அளவுக்குத்தான் கொடுப்பார்கள். எனவே திருப்பத்துக்கு எவ்வளவு முன்னால் காலை எடுப்பது, வண்டியைத் தானாக ஓடவிட்டு பிரேக்கில் எவ்வளவு மின்சாரத்தைத் திரும்பச் சேமிப்பது என்பதில்தான் வித்தை. வெர்ன் காலை எடுக்க வேண்டும். எடுத்தால் பின்னால் இருப்பவர் பாய்ந்துவிடுவார். எடுக்காவிட்டால் வண்டி நின்றுவிடும். இந்த இரண்டுக்கும் நடுவே அவர் உள்வரிசையை விடாமல் பிடித்துக்கொண்டு முதலாவதாக வந்து சேர்ந்தார். வாழ்நாளெல்லாம் டர்பைனின் ஒவ்வொரு சதவீதத் திறனுக்காகவும் மாரடித்த உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அன்று அங்கே ஜெயித்தது நிச்சயமாக ஒரு மனிதனின் நிதானம்.

அதே நாளில் இன்னொன்றும் நடந்தது. ஜாகுவார் அணியின் சாம் பேர்ட், ஒரு கொண்டை ஊசித் திருப்பத்தில் பிரேக்கைத் தவறவிட்டு, தன் அணிக்காரரான மிட்ச் எவன்ஸின் மீதே மோதினார். இரண்டு பேரும் அவுட். இயந்திரம் ஜெயிக்கிறது, மனிதன் சும்மா உட்கார்ந்திருக்கிறான் என்று சொல்கிறவர்களுக்கு அந்த ஒரு மோதலே போதும். இயந்திரம் பதறாது.

சரி, நம் கூட்டம் யாருக்காகக் கத்தியது? மகிந்திராவுக்காக. நம்ம கம்பெனி, நம்ம ஊர்ப் பந்தயம். ஆனால் மகிந்திராவின் இரண்டு கார்களை ஓட்டியவர்கள் யார்? ஒருவர் இங்கிலாந்தின் ஆலிவர் ரோலண்ட், மற்றவர் பிரேசிலின் லூகாஸ் டி கிராஸி. களத்தில் இந்திய ஓட்டுநர் ஒருவர்கூட இல்லை. நாம் யாருக்காகக் கத்தினோம் என்று யோசித்தால் கொஞ்சம் தலை சுற்றும். கார் இந்தியாவுடையதா? ஓட்டுபவர் எந்த நாடு? மேடையில் யாருடைய கொடி ஏறும்?

என் பேச்சு முழுக்க இந்த முடிச்சைச் சுற்றித்தான் வரப்போகிறது. இயந்திரம் இருப்பது ஒரு தடையே இல்லை என்பது என் கட்சி. நாடு என்ற ஒன்று இன்றைய மோட்டார் பந்தயத்தில் இல்லை என்பதுதான் தடை.

முதலில் இயந்திரம் பற்றிச் சுருக்கமாக. ஒலிம்பிக் சாசனத்தில் முன்பு ஒரு வரி இருந்தது. இயந்திர உந்துவிசையைச் சார்ந்த போட்டிகளுக்கு இடமில்லை என்று அது சொன்னது. இப்போதைய சாசனத்தில் அந்த வரி இல்லை. மோட்டார் பந்தயங்களின் உலக அமைப்பான எஃப்.ஐ.ஏ.வுக்கு 2013-ல் ஒலிம்பிக் குழுவின் முழு அங்கீகாரமும் கிடைத்துவிட்டது. அங்கீகாரம் வேறு, போட்டியில் இடம் வேறு. ஆனால் வாசலில் நிற்கக்கூடாது என்று இப்போது யாரும் விரட்டுவதில்லை.

இன்னும் பின்னால் போனால், 1900-ல் பாரிஸ் ஒலிம்பிக்கை உலகக் கண்காட்சியோடு சேர்த்து நடத்தியபோது பாரிஸிலிருந்து துலூஸ் போய்த் திரும்பும் கார்ப் பந்தயமும் நடந்தது. அதை ஒலிம்பிக் கணக்கில் சேர்ப்பதில்லை. 1908 லண்டன் ஒலிம்பிக்கில் சேர்த்தே விட்டார்கள், கார் அல்ல, இயந்திரப் படகு. சவுத்தாம்டன் கடல்நீரில் ஆகஸ்ட் கடைசியில் மூன்று பிரிவுகளில் பந்தயம், தூரம் 40 கடல் மைல். காற்றும் அலையும் போட்ட போட்டில் ஒவ்வொரு பிரிவிலும் ஒரே ஒரு படகுதான் கரை சேர்ந்தது. தாமஸ் தோர்னிகிராஃப்ட் என்ற ஆங்கிலேயர் தன் கூட்டாளிகளோடு இரண்டு தங்கத்தை அள்ளிக்கொண்டு போனார், மூன்றாவது பிரான்ஸின் எமில் துப்ரோனுக்கு. பார்த்தவர்களுக்கு அலுத்துப்போயிருக்க வேண்டும், அதற்குப் பிறகு இயந்திரப் படகு ஒலிம்பிக் பக்கம் திரும்பவே இல்லை.

ஆசியாவில் இந்தத் தடை ஏற்கெனவே உடைந்தாயிற்று. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் ஜெட் ஸ்கீ பதக்கப் போட்டி. தண்ணீரில் ஓடும் மோட்டார் சைக்கிள்தானே அது? அங்கே இந்தோனேசியாவின் அக்ஸா சுதன் அஸ்வார் தங்கம் வாங்கினார். அதே விளையாட்டில்தான் சீட்டாட்டத்தில், மன்னிக்க வேண்டும், பிரிட்ஜில், 60 வயதான நம் பிரணாப் பர்தன் ஜோடியாக ஆடித் தங்கம் வென்றார். ஆக, உடம்பை வருத்தாதது விளையாட்டில்லை என்கிற வாதமும் ஆசியாவில் செல்லாது. பந்தய ஓட்டுநர் உடம்பை வருத்துகிறாரா என்றால், வருத்துகிறார். ஃபார்முலா ஒன் காரில் ஒரு திருப்பத்தில் கழுத்தின் மேல் புவியீர்ப்பைப்போல நான்கு, ஐந்து மடங்கு விசை விழும். சிங்கப்பூர் வெக்கையில் ஒரு பந்தயத்தில் இரண்டு மூன்று கிலோ எடை வியர்வையாகவே போய்விடும். இதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை, மேலே போவோம்.

கருவி உதவுகிறது என்பதும் புதுக் குற்றச்சாட்டல்ல. 2009 ரோம் உலக நீச்சல் போட்டியில் நீச்சலுடையின் மகிமையால் 43 உலக சாதனைகள் விழுந்தன, அடுத்த ஆண்டே அந்த உடையைத் தடை செய்தார்கள். ஒலிம்பிக் சைக்கிள் அரங்கில் கெய்ரின் என்றொரு போட்டி இருக்கிறது, அதில் முதல் சில சுற்றுகள் வீரர்கள் ஒரு மோட்டார் வண்டியின் பின்னால்தான் வரிசையாகப் போகிறார்கள். மோட்டார் அங்கே வழிகாட்டி மட்டுமே என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது உண்மையான சிக்கலுக்கு வருகிறேன். அதைக் காட்ட நம் கோயம்புத்தூர்க்காரர் ஒருவரின் கதையைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

2005 ஜூன் 19. அமெரிக்காவில் இண்டியானாபொலிஸ். நரேன் கார்த்திகேயன் அந்த ஆண்டுதான் ஜோர்டான் அணியில் ஃபார்முலா ஒன்னுக்குள் நுழைந்திருந்தார், இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் ஓட்டுநர். வெள்ளிக்கிழமைப் பயிற்சியில், சாய்தளமாக உயர்ந்திருக்கும் 13-ஆம் திருப்பத்தில் ரால்ஃப் ஷூமாக்கரின் இடது பின் டயர் உடைந்து கார் சுவரில் மோதியது. டயர் மிஷெலின் நிறுவனத்துடையது. காரணத்தைத் தேடிய மிஷெலின், அந்தத் திருப்பத்தில் எங்கள் டயர் முழு வேகத்தைத் தாங்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்று ஒப்புக்கொண்டது. திருப்பத்துக்கு முன்னால் வேகத்தடை மாதிரி ஒரு வளைவு போடுங்கள் என்றன அந்த அணிகள். முடியாது என்றது எஃப்.ஐ.ஏ.

ஞாயிற்றுக்கிழமை 20 கார்களும் தடத்துக்கு வந்தன. பந்தயத்துக்கு முந்தைய அணிவகுப்புச் சுற்று முடிந்தது. மிஷெலின் டயர் போட்ட 14 கார்களும் ஒன்றன்பின் ஒன்றாகப் பிட்டுக்குள் திரும்பி நின்றுகொண்டன. தடத்தில் மிஞ்சியவை பிரிட்ஜ்ஸ்டோன் போட்ட ஆறே கார்கள், ஃபெராரி இரண்டு, ஜோர்டான் இரண்டு, மினார்டி இரண்டு. டிக்கெட் வாங்கி வந்த கூட்டம் கொதித்துப் போய்த் தடத்துக்குள் பாட்டில்களை எறிந்தது. ஃபெராரியின் மைக்கேல் ஷூமாக்கர் முதலிடம், பாரிகெல்லோ இரண்டாமிடம், ஜோர்டானின் மொன்டெய்ரோ மூன்றாமிடம். நரேன் நான்காமிடம், 5 புள்ளிகள்.

இந்திய ஓட்டுநர்கள் ஃபார்முலா ஒன்னில் இன்றுவரை எடுத்த மொத்தப் புள்ளிகள் அந்த ஐந்துதான். நரேனின் திறமையைக் குறைத்துச் சொல்ல வரவில்லை, அன்று எதிரே இருந்த மினார்டிக்காரர்களை அவர் வென்றுதான் வந்தார். ஆனால் யோசித்துப் பாருங்கள். பதினான்கு பேர் ஒரு டயர்க் கம்பெனியின் கணக்குப் பிசகினால் ஓடவே இல்லை. அவர்களில் எத்தனை நாட்டுக்காரர்கள்! ஒலிம்பிக் நூறு மீட்டர் ஓட்டத்தில் ஒரு ஷூ கம்பெனியின் தவறால் பாதிப்பேர் ஓடாமல் நின்றால் அந்தப் பதக்கத்துக்கு என்ன மரியாதை? ஃபார்முலா ஒன்னில் அது விதிப்படி செல்லும். ஏனென்றால் அது அணிகளின் பந்தயம், டயர்களின் பந்தயம், கணினிகளின் பந்தயம். அதில் தவறொன்றுமில்லை, ஆனால் அது நாடுகளின் பந்தயம் அல்ல.

இதற்கு மறுபக்கமும் பாருங்கள். 2008 முதல் 2018 வரை ஃபோர்ஸ் இந்தியா என்று ஒரு அணி ஓடியது. பெயரிலேயே இந்தியா. காரில் மூவர்ண நிறம். பெரிய அணிகளின் காசில் ஒரு பங்குகூட இல்லாமல் அவர்களோடு மல்லுக்கட்டிய அருமையான அணி. அந்தப் பதினோரு ஆண்டில் ஒரு பந்தயத்தில்கூட இந்தியர் அந்தக் காரை ஓட்டியதில்லை. அது விஜய் மல்லையாவின் அணி, இந்தியாவின் அணி அல்ல.

அப்படியென்றால் நாடுகளுக்கிடையே மோட்டார் பந்தயம் நடத்தவே முடியாதா? முடியும். நடத்திக் காட்டினார்கள். 2005-ல் துபாய் அரச குடும்பத்தைச் சேர்ந்த ஷேக் மக்தூம் ஹஷர் தொடங்கிய ஏ1 கிராண்ட் பிரீ என்ற தொடர் அது. எல்லா நாட்டுக்கும் ஒரே கார், லோலா உடல், ஸைடெக் இன்ஜின். ஓட்டுபவர் அந்த நாட்டுக்காரராக இருக்க வேண்டும். இந்தியாவும் பாகிஸ்தானும் லெபனானும் ஜெர்மனியோடும் பிரான்ஸோடும் ஒரே தடத்தில் நின்றன. 2007 டிசம்பரில் சீனாவின் சூஹாயில் நரேன் முதலாவதாக வந்தார். அடுத்த மே மாதம் இங்கிலாந்தின் பிராண்ட்ஸ் ஹாட்ச்சில் மறுபடியும். டயரில் பாரபட்சமில்லை, காரில் பாரபட்சமில்லை. இண்டியானாபொலிஸின் 5 புள்ளிகளைவிட அந்த இரண்டு வெற்றிகளுக்கு நான் அதிக மதிப்புக் கொடுப்பேன். நம் பத்திரிகைகள் கொடுக்கவில்லை என்பது வேறு விஷயம்.

அந்த 2007–08 கோப்பையை வென்ற நாடு சுவிட்சர்லாந்து. 1955-ல் லெ மான் விபத்தில் எண்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்த பிறகு தடப் பந்தயங்களையே சட்டம்போட்டுத் தடைசெய்த நாடு! அதற்குக் கோப்பை வாங்கிக் கொடுத்த நீல் ஜானியின் தந்தை இந்தியர். நாடு, குடியுரிமை, கொடி என்று நான் இவ்வளவு நேரம் அடுக்கிக்கொண்டிருப்பதைக் கேட்டால் நீல் ஜானி சிரிப்பார்.

2009-ல் ஏ1 கிராண்ட் பிரீ பணமில்லாமல் படுத்துவிட்டது. நல்ல யோசனை என்பதால் மட்டும் ஒன்று பிழைத்துக்கொள்ளாது. ஒரே மாதிரிக் கார்களைச் செய்து, கண்டம் விட்டுக் கண்டம் கப்பலிலும் விமானத்திலும் ஏற்றி இறக்க ஆகும் செலவு அதை விழுங்கிவிட்டது.

செலவு என்று வரும்போது நம் தமிழ்நாட்டுச் சரித்திரத்தையும் கொஞ்சம் பேச வேண்டும். இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளம் சோழவரத்தில் இருந்தது. அங்கேதான் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல ஆண்டுகள் பந்தயம் நடத்தியது. சென்னையில் வளர்ந்த, இங்கே இருக்கிற மூத்தவர்களில் சிலராவது சோழவரம் ரேஸ் பார்க்க வெயிலில் நின்றிருப்பீர்கள். 1990-ல் ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் முறையான தடம் வந்தது. கோவையில் கரிவரதன் என்ற ஆலைக் குடும்பத்துப் பிள்ளை, மாருதி இன்ஜினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களைத் தானே வடிவமைத்தார். ஃபார்முலா மாருதி என்று பெயர். மலிவான கார், எல்லாருக்கும் ஒரே மாதிரிக் கார். நரேன் போன்றவர்கள் அந்தக் காரில் ஏறித்தான் ஆரம்பித்தார்கள். கரிவரதன் 1995-ல் விமான விபத்தில் இறந்துபோனார். செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரில்தான் இருக்கிறது. என்னைக் கேட்டால் இந்திய மோட்டார் பந்தயத்தில் மிக முக்கியமான மனிதர் அவர்தான், ஓட்டியதற்காக அல்ல, கதவை அகலத் திறந்ததற்காக.

அந்தக் கதவு இன்றைக்கு எவ்வளவு அகலம்? ஒரு பையன் பந்தய ஓட்டுநராக வேண்டுமென்றால் ஏழு எட்டு வயதில் கார்ட் ஓட்ட ஆரம்பிக்க வேண்டும். அப்புறம் ஃபார்முலா 4, ஃபார்முலா 3, ஃபார்முலா 2. ஒவ்வொரு படிக்கும் ஐரோப்பாவில் கோடிகள். பெங்களூரின் குஷ் மைனி 2025-ல் மொனாக்கோவில் ஃபார்முலா 2 பந்தயம் ஒன்றை ஜெயித்தார், பெருமைதான். ஆனால் அந்த இடத்தை எட்டுமுன் எத்தனை திறமைசாலிகள் காசில்லாமல் வீட்டுக்குத் திரும்பியிருப்பார்கள் என்பதை எந்தப் பட்டியலும் சொல்லாது. நம் அஜித் குமார் 2025 ஜனவரியில் துபாய் 24 மணிநேரப் பந்தயத்தில் தன் அணியைத் தன் பிரிவில் மூன்றாமிடத்துக்குக் கொண்டுவந்தபோது… பின்வரிசை விசில் போதும், உட்காருங்கள்… எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் சினிமாவில் சம்பாதித்த ஒருவரால்தான் இதைச் செய்ய முடிகிறது என்பதையும் கவனியுங்கள். கபடிக்கு ஒரு கோடும் பத்து பேரும் போதும். அதனால்தான் கபடி கிராமத்திலிருந்து கிளம்பி 1990 பெய்ஜிங்கில் ஆசிய விளையாட்டின் பதக்கப் போட்டியாக ஆனது.

அதனால் ஃபார்முலா கார்கள் எதற்கும் பல்விளையாட்டுத் திருவிழாக்களில் இடம் கிடையாது என்பது என் தீர்மானமான கருத்து. 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்குக்கு ஆசைப்பட்ட ஒன்பது விளையாட்டுகளின் பட்டியலில் மோட்டார் பந்தயமும் இருந்தது. 2023 அக்டோபரில் மும்பையில் கூடிய ஒலிம்பிக் குழு அதை ஓரங்கட்டிவிட்டு கிரிக்கெட்டையும் ஸ்குவாஷையும் இன்னும் மூன்றையும் எடுத்துக்கொண்டது. கிரிக்கெட் வந்த சந்தோஷத்தில், அதே கூட்டத்தில் மோட்டார் பந்தயம் விழுந்ததை நம்மவர்கள் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குழு செய்தது சரி என்றே நான் நினைக்கிறேன்.

ஆனால் கார்ட் விஷயம் வேறு. கார்ட் என்றால் தரையோடு தரையாக ஓடும் சின்ன நான்கு சக்கர வண்டி. இன்றைய வெற்றி வீரர்கள் எல்லாரும் அதில்தான் கற்றார்கள். 2018 பியூனஸ் அயர்ஸ் இளையோர் ஒலிம்பிக்கில் மின்சாரக் கார்ட்டைக் காட்சிப் போட்டியாக ஓட்டிக் காட்டினார்கள். 2019 முதல் எஃப்.ஐ.ஏ. தானே மோட்டார் ஸ்போர்ட் கேம்ஸ் என்ற பெயரில் நாடுகளுக்கான போட்டி நடத்திவருகிறது, முதலில் ரோம் அருகே வலெலுங்காவில். அதில் கார்ட் ஸ்லாலம் என்று ஒரு பிரிவு. கூம்புகளுக்கு நடுவே மின்சாரக் கார்ட்டை வளைத்து வளைத்து நேரத்தோடு ஓட்ட வேண்டும். ஒரு நாட்டுக்கு ஒரு பையன், ஒரு பெண். இருவர் நேரத்தையும் கூட்டித்தான் கணக்கு.

இதுதான் நான் கேட்கிற வடிவம். ஒரு திருத்தத்தோடு. கார்ட்டை யாரும் ஊரிலிருந்து கொண்டுவரக்கூடாது. போட்டி நடத்தும் நாடு நாற்பது ஐம்பது கார்ட் வாங்கி வைக்க வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் சீட்டுக் குலுக்கி யாருக்கு எது என்று கொடுக்க வேண்டும். அடுத்த சுற்றுக்கு மறுபடி குலுக்கல். மெக்கானிக் எல்லாருக்கும் பொது.

குலுக்கல் ஆபத்து, டோக்கியோ ஒலிம்பிக்கில் பார்த்தோமே என்பீர்கள். நவீன பென்டத்லான் போட்டியில் அப்போது குதிரையைக் குலுக்கலில்தான் கொடுத்தார்கள், இருபது நிமிடப் பழக்கத்தில் அதன் மேல் ஏறிக் குதிக்க வேண்டியிருந்தது. டோக்கியோவில் முன்னணியில் இருந்த ஜெர்மனியின் அன்னிகா ஷ்லாய்க்கு செயின்ட் பாய் என்ற குதிரை வாய்த்தது. அது குதிக்க மறுத்துவிட்டது. குதிரை மேல் உட்கார்ந்து அன்னிகா அழுததை உலகமே பார்த்தது, 31-ஆம் இடத்துக்குப் போனார். பாரிஸோடு குதிரையையே அந்தப் போட்டியிலிருந்து எடுத்துவிட்டார்கள். குதிரைக்கு மனசு உண்டு, முரண்டு பிடிக்கும். மின்சாரக் கார்ட்டின் பேட்டரியையும் மோட்டாரையும் காலையிலேயே மேடையில் ஏற்றி அளந்துவிடலாம். ஒன்றுக்கொன்று வித்தியாசம் எவ்வளவு என்று உங்களில் ஒரு பரிசோதனைப் பிரிவு என்ஜினியர் அரை நாளில் சொல்லிவிடுவார்.

ஆணும் பெண்ணும் ஒரே போட்டியில் நேருக்கு நேர் மோதுவது ஒலிம்பிக்கில் இன்று குதிரையேற்றம் போன்ற வெகு சிலவற்றில்தான். மோட்டார் பந்தயத்தில் விதி ஒருபோதும் அதைத் தடுத்ததில்லை. 1975-ல் ஸ்பெயினில் லெல்லா லொம்பார்டி என்ற இத்தாலியப் பெண் ஆறாமிடம் வந்து அரைப் புள்ளி எடுத்தார், ஃபார்முலா ஒன்னில் புள்ளி எடுத்த ஒரே பெண் இன்றுவரை அவர்தான். விதி தடுக்காததைப் பணமும் பழக்கமும் தடுத்தன. கார்ட்டில் அது நடக்காது என்று நான் நம்புகிறேன்.

கடைசியாக ஒரு கசப்பான கணக்கு. இந்த மேடைகளில் இடம் அளவானது. ஒலிம்பிக்கில் வீரர் எண்ணிக்கைக்கு 10,500 என்று வரம்பு. 2026 கிளாஸ்கோ காமன்வெல்த்தில் செலவைச் சுருக்கப் பத்தே விளையாட்டுகள். ஹாக்கி இல்லை, மல்யுத்தம் இல்லை, பேட்மிண்டன் இல்லை. நமக்கு இது வெறும் செய்தி அல்ல. இங்கிருந்து கச்சிபவுலி எவ்வளவு தூரம்? அங்கே கோபிசந்த் அகாடமியில் விடிவதற்கு முன்னால் குழந்தைகளை இறக்கிவிடுகிற பெற்றோர் இந்தக் குடியிருப்பிலும் இருக்கிறீர்கள். சிந்து 2022 பர்மிங்காமில் காமன்வெல்த் தங்கம் வென்றார், அடுத்த முறை அந்தப் போட்டியே இல்லை. 2030-ல் அகமதாபாத் நடத்தும்போது பேட்மிண்டன் திரும்பி வருவதுதான் முறை. அதன் இடத்தில் மோட்டார் பந்தயம் வேண்டும் என்று யாராவது சொன்னால் நானே எதிர்த்து நிற்பேன்.

ஆனால் ஆசிய விளையாட்டில் காற்று வேறு பக்கம் அடிக்கிறது. 2030 தோஹாவில், 2034 ரியாத்தில். கத்தாரில் லுசைல் தடம், சவூதியில் ஜித்தா தடம், இரண்டிலும் ஃபார்முலா ஒன் நடக்கிறது. எஃப்.ஐ.ஏ. தலைவர் முகமது பின் சுலாயம் எமிரேட்ஸ்காரர். நடத்தும் நாட்டுக்குத் தனக்குப் பிடித்த விளையாட்டை முன்மொழிய வாய்ப்புண்டு. எனவே மோட்டார் பந்தயம் ஆசிய விளையாட்டுக்குள் வர வேண்டுமா என்று நாம் பட்டிமன்றம் நடத்திக்கொண்டிருக்கும்போதே அது வந்துவிடலாம். எந்த உருவத்தில் வரும் என்பதுதான் கவலை. எண்ணெய்ப் பணத்தோடு பெரிய கார்களாக வந்தால் மங்கோலியாவும் நேபாளமும் இலங்கையும் பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்து கைதட்டலாம், அவ்வளவுதான். நாமும் ஏறக்குறைய அப்படித்தான். இந்திய ஒலிம்பிக் சங்கமும், சென்னையிலிருந்து இயங்கும் இந்திய மோட்டார் பந்தயச் சம்மேளனமான எஃப்.எம்.எஸ்.சி.ஐ.யும் இப்போதே ஒரு நிலைப்பாடு எடுக்க வேண்டும். கார்ட் மட்டும், மின்சாரத்தில் மட்டும், குலுக்கலில் மட்டும், ஆணும் பெண்ணும் ஜோடியாக மட்டும். இதற்கு ஒப்பினால் ஆதரவு, இல்லையென்றால் எதிர் ஓட்டு.

ஹைதராபாத்துக்கும் இதில் ஒரு வேலை இருக்கிறது. 2024 பிப்ரவரியில் ஃபார்முலா ஈ திரும்ப வருவதாக இருந்தது. ஆட்சி மாறியது, ஜனவரியிலேயே ரத்தானது. அதற்குக் கொடுத்த பணம் பற்றிய வழக்கு விசாரணையில் இருப்பதால் அதற்குள் நான் போகவில்லை. சென்னையிலும் தீவுத்திடலைச் சுற்றி ஃபார்முலா 4 இரவுப் பந்தயம் மிக்ஜாம் புயலால் தள்ளிப்போய், நீதிமன்றம், தரச் சான்றிதழ் என்று இழுபட்டு, ஒருவழியாக 2024 ஆகஸ்ட் 31-லும் செப்டம்பர் 1-லும் நடந்தது. மாநில விளையாட்டு ஆணையமே அதில் பங்கெடுத்தது, அதாவது தமிழ்நாடு அரசைப் பொறுத்தவரை இது விளையாட்டுதான். நகரத்தின் நடுவே சாலையை மறித்து இரண்டு நாள் நடத்தி, கான்கிரீட் தடுப்புகளைக் கழற்றிக்கொண்டு போய்விட்டால், மூன்றாம் நாள் ஒரு குழந்தைக்கும் அங்கே ஓட்டக் கிடைக்காது. இருங்காட்டுக்கோட்டையில் மெட்ராஸ் கிளப் முறையான கார்ட் தடம் ஒன்றைத் திறந்திருக்கிறது, அது நிற்கும். அதுபோல இந்தப் பக்கம் பட்டான்செருவைத் தாண்டி எங்காவது ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு கார்ட் தடம், இருபது மின்சாரக் கார்ட், அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வாரத்தில் இரண்டு நாள் இலவசம். ஒரு இரவுப் பந்தயத்துக்கு ஆகிற செலவில் இப்படி எத்தனை தடம் போடலாம் என்பதை அரசாங்கத்து நிதித்துறை கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். தோஹாவுக்குப் போக வேண்டிய பிள்ளைக்கு இப்போது பன்னிரண்டு பதின்மூன்று வயது இருக்கும், நேரம் அதிகமில்லை.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். விசில் அடித்தவர்களிலிருந்து தொடங்கலாம்.